மாப்பிள்ளையின் காது

செப்டம்பர் 23, திங்கள்

இன்னைக்கு எங்க தீயணைப்பு நிலையத்துக்கு மாப்பிள்ளை வந்து இறங்கினாரு. கோயம்புத்தூர்ல இருந்து தனி வண்டி. இறக்கிவிட நாலு பேரு. ஆரத்தி ஒண்ணுதான் பாக்கி. நிலைய அலுவலர் கனகசபை சார் மாலையும் கையுமா வாசல்ல நின்னாரு. மாலை ரோபோவுக்காம். ஆறு வருஷத்துக்கு முன்னால திசையன்விளை வெயில்ல இருந்து இந்தக் கரடிமட்டம் மலைக்கு நான் மாறுதலாகி வந்த அன்னைக்கு, இதே மனுஷன் என்னைய நிமிந்துகூடப் பாக்கல.

மாப்பிள்ளை முழங்கால் உசரம். பொக்லைனுக்கு இருக்குத மாதிரி ரெண்டு பக்கமும் சங்கிலிப் பட்டை, நீளக் கழுத்து, அதுல ரெண்டு கண்ணு. மண்ணு சரிஞ்சோ கட்டடம் இடிஞ்சோ ஆளு மாட்டிக்கிட்டா பொந்துக்குள்ள நுழைஞ்சு தேடுமாம். உடம்புச் சூடு பாக்குமாம். எல்லாத்துக்கும் மேல, கேக்குமாம். அடியில கிடக்குத ஆளு விரலால சுண்டினாக்கூட மாப்பிள்ளைக்குத் தெரிஞ்சிருமாம். இதையெல்லாம் சொன்னது கூடவே வந்த இன்ஜினியர் பிள்ளை. பேரு ஷப்னம், கோயம்புத்தூர் உக்கடத்துக்காரி. மூணு மாசம் இங்கேயே இருந்து எங்களுக்குப் பழக்கிவிடுவாளாம். அதாவது மாப்பிள்ளைக்கு எங்களைப் பழக்குவாளாம்.

கேக்குததுக்கு இந்த நிலையத்துல ஏற்கெனவே ஆளு இருக்கு. நான்தான் அது. கடப்பாரையை இடிபாட்டுக்குள்ள ஊன்றி அதோட தலையில காதை வச்சேன்னா, அடியில மூச்சு விடுதவன் எந்தப் பக்கம் கிடக்கான்னு சொல்லிருவேன். டிபார்ட்மென்ட்ல "காது மாடக்கண்ணு"ன்னாத்தான் தெரியும். இதை எடுத்துச் சொல்ல ஒருத்தனும் வாயைத் திறக்காததால நானே சொல்ல வேண்டியதாப் போச்சு. ஷப்னம் "அப்படீங்களாண்ணா"ன்னு சிரிச்சா. பொறவு என்னமோ சொன்னா. இந்தக் காலத்துப் பிள்ளைக வாயைத் திறந்து பேசினா பல்லு கொட்டிரும்னு நினைக்கும்போல. ஒண்ணும் விளங்கல. சரி சரின்னுட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

மாப்பிள்ளைக்குக் குளிரு ஆகாதாம், பாட்டரி படுத்துருமாம். அதனால சார் ரூம்ல ஹீட்டர் போட்டுப் படுக்க வச்சிருக்கு. நாங்க எட்டுப் பேரு படுக்குத ஹால்ல ஜன்னலுக்குக் கண்ணாடி கிடையாது, அரிசிச் சாக்குதான் தொங்குது. டீக் கெட்டிலுக்கு இருந்த பிளக்கையும் மாப்பிள்ளை சார்ஜுக்குன்னு எடுத்துக்கிட்டாங்க. சாயங்காலம் சார் ஹாலுக்கு வந்து, "ரொம்பக் குளிருதா?"ன்னு விசாரிச்சுட்டுப் போனாரு. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

பக்கத்துக் கட்டில் போஜன் வீட்டுல இருந்து பிளாஸ்க்குல டீ கொண்டாந்தான். இந்த மலையில பிறந்து வளந்தவன், படகர் ஆளு. நல்ல மனுஷன். அவன் ஒருத்தன்தான் என் முகத்தைப் பாத்து, வாயைத் திறந்து, தெளிவாப் பேசுதான். மத்தவனுவ எல்லாம் முணுமுணுப்பு.

செப்டம்பர் 30, திங்கள்

பம்ப் கழுவினேன். ஓஸ் காயப்போட்டேன். டிவி சத்தத்தை எவனோ குறைச்சுக் குறைச்சு வைக்கான். நான் கூட்டி வச்சா ஹாலை விட்டே எந்திரிச்சுப் போறானுவ. நியூஸ் கேக்கப் பொறுமை இல்லாத கூட்டம்.

அக்டோபர் 4, வெள்ளி

வீட்டுக்காரி செல்வக்கனி ஊர்ல இருந்து போன் போட்டா. இருபத்தஞ்சு வருஷமா என் காது சவ்வு கிழியக் கத்துனவ, இப்பம் இவளும் முணுமுணுக்கா. டவர் சரியில்லன்னு வச்சுட்டேன்.

மத்தியானம் அவசர மணி அடிச்சிருக்கு. மணி ரிப்பேருன்னு நினைக்கேன், சரியாவே அடிக்கல. போஜன் வந்து தோள்ல தட்டுன பொறவுதான் ஓடினேன். மரம் விழுந்த கேஸு, பெருசா ஒண்ணும் இல்ல.

நோட்டீஸ் போர்டுல வருஷ மெடிக்கல் அறிவிப்பு. கண்ணு, காது, நெஞ்சு. தேறாதவனை மீட்பு அணியில இருந்து தூக்கிருவாங்க. போன வருஷம் நம்ம செல்லத்துரை அண்ணனுக்குக் கண்ணு தேறலன்னு சொல்லி, கன்ட்ரோல் ரூம்ல கேமரா பாக்குத வேலைக்குப் போட்டாங்க. கண்ணு தெரியாதவனை டிவி பாக்கப் போடுத டிபார்ட்மென்ட் இது. எனக்கு ஒண்ணும் பயமில்ல, என் பேரே காதுதான். இருந்தாலும் போன வருஷம் மாதிரியே இடுப்பு வலிக்குதுன்னு சொல்லி, தீபாவளி கழிச்சுப் போறேன்னு சாரிட்ட எழுதிக் கொடுத்துட்டேன். அணியில இருந்து எடுத்துட்டா எனக்குச் செய்ய வேற வேலை தெரியாது. அவ்வளவுதான் விஷயம்.

அக்டோபர் 8, செவ்வாய்

சாருக்கு ஒரு ஆசை. எனக்கும் மாப்பிள்ளைக்கும் போட்டி வச்சு, அதை போன்ல படம் பிடிச்சு மேலிடத்துக்கு அனுப்பணுமாம். நிலையத்துக்குப் பின்னால உடைஞ்ச சிமெண்டுக் குழாயெல்லாம் குவிச்சுப் போட்டு, அடியில எங்கேயோ போஜனைப் படுக்க வச்சு, கல்லால தட்டச் சொன்னாங்க.

மாப்பிள்ளை உள்ள போனாரு. ஷப்னம் கையில இருந்த பெட்டித் திரையில பச்சைக் கோடு துள்ளுச்சு. கண்டுபிடிச்சாச்சாம். எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்து நான். கடப்பாரையை ஊன்றிக் காதை வச்சேன். கண்ணை மூடினேன், திறந்தேன். வடக்குப் பக்கம் கீழ்க் குழாய்னு சொன்னேன். கரெக்ட். அதுக்கும் கை தட்டினாங்க. போஜன் பூட்ஸ் காலை வெளிய நீட்டிக்கிட்டுப் படுத்திருந்தான். ஒளிஞ்சுக்கோன்னு சொன்னா அப்படித்தான் ஒளிவான் அவன். அதுக்கும் நான் கேட்டதுக்கும் சம்பந்தம் இல்ல.

ஷப்னம் பொறவு மாப்பிள்ளையோட காதைக் காட்டினா. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் மூணு மூணு பொடி ஓட்டை, குண்டூசி நுழையுத அளவு. "இதுலதானுங்கண்ணா இதோட உசுரே இருக்குது. தூசு படாமப் பாத்துக்கோணும்"ன்னு என் முகத்துக்கு நேரா வந்து சொன்னா. விளங்குச்சு.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையில இருந்து வண்டி, ஏணி, பம்ப், கோடாலி எல்லாத்தையும் கழுவி வரிசையா நிறுத்தினோம். பொரி, சுண்டல், வாழைக்கன்னு. சந்தனம் குங்குமம் வைக்குதது வழக்கமா என் கைதான், மூத்த ஆளுங்கதால. வண்டிக்கு வச்சேன். ஏணிக்கு வச்சேன். சைரனுக்கு வச்சேன். என் கடப்பாரைக்கு வச்சேன்.

ஷப்னம் லீவுல ஊருக்குப் போயிருந்தா. மாப்பிள்ளையை நடுவுல நிறுத்திப் பட்டுத் துண்டு போத்தச் சொன்னாரு சார். "மாடக்கண்ணு, கஞ்சத்தனம் பண்ணாம வைங்க, போட்டோவுல தெரியணும்"னாரு. சரி, அவரே சொல்லிட்டாரு. நெத்தியில வச்சேன். கண்ணு ரெண்டுலயும் வச்சேன். கழுத்துக்கு ரெண்டு பக்கமும் நல்லாக் குழைச்சு, கட்டை விரலால அழுத்தித் தாராளமா வச்சேன். மாப்பிள்ளைன்னா ஒரு மரியாதை வேணும்லா. வேற ஒண்ணும் இல்ல.

தேங்காய் உடைச்சு, எலுமிச்சம்பழத்தை மாப்பிள்ளை பட்டைக்கு அடியில வச்சு நசுக்கினாங்க. சாரு பக்கத்துல உக்காந்து பத்துப் பதினஞ்சு போட்டோ. விஜயதசமி முடியுத வரைக்கும் ஆயுதத்தைத் தொடக்கூடாதுன்னு துணி போட்டு மூடியாச்சு. தீ பிடிச்சா என்ன செய்யுததுன்னு கேட்டேன். சாமி பாத்துக்கும்னாரு.

அக்டோபர் 14, திங்கள்

ஷப்னம் வந்தா. துணியை எடுத்துப் பாத்துட்டு, "ஐயோ, கண்ணுலயெல்லாம் அப்பி வெச்சிருக்கீங்க"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. துடைக்கத் துணி நான்தான் எடுத்துக் கொடுத்தேன். கண்ணைப் பளபளன்னு துடைச்சா. கழுத்துல வச்ச சந்தனம் காஞ்சு மாப்பிள்ளையோட மஞ்சள் நிறத்தோட ஒட்டிக் கிடந்துச்சு. அவ அதைப் பாக்கல. பாக்கச் சொல்லுதது என் வேலையா?

மழை பிடிச்சுக்கிச்சு.

அக்டோபர் 16, புதன்

மழை. மழை. கைலி காயல.

அக்டோபர் 18, வெள்ளி

நேத்து நடந்ததை இன்னைக்குத்தான் எழுத முடியுது. விரல்ல நகம் ரெண்டு போச்சு. பேனா பிடிக்க வலிக்குது.

நேத்து விடியும்போது பாறைக்காடு எஸ்டேட்ல மண்ணு சரிஞ்சு, தொழிலாளிக லைன் வீடு ஒரு வரிசை அப்படியே புதைஞ்சு போச்சு. நல்லவேளை, முந்தின நாளே எல்லாரையும் எஸ்டேட் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போயிட்டாங்க. ஒரே ஒரு ஆளைத்தான் காணல. ஜெபமாலைன்னு ஒரு கொழுந்து பறிக்குத அம்மா. வீட்டுல அடைகாத்த கோழியை விட்டுட்டு வந்துட்டோமேன்னு விடியக்காலம் எந்திரிச்சுப் போயிருக்கா. மக எமில்டா எவ்வளவு தடுத்தும் கேக்கலயாம். நாங்க போறப்ப எமில்டா சேத்துக்குள்ள முட்டுக்கால் போட்டு நின்னுக்கிட்டு, "அம்மா உள்ளதான் இருக்கு, எனக்குத் தெரியும்"னு சொன்னதையே சொல்லிக்கிட்டு இருந்தா.

ரோடு அறுந்துபோய்க் கிடந்ததால வண்டி பாதியில நின்னுபோச்சு. மாப்பிள்ளை சேத்துல நடக்க மாட்டாராம், பட்டையில சேறு ஏறிட்டா பொந்துக்குள்ள போக முடியாதாம். அதனால ஏணியைப் படுக்கப்போட்டு, அதுமேல அவரை ஏத்தி, நாலு பேரு தோள்ல தூக்கிக்கிட்டு மலை ஏறினோம். மேல ஒருத்தன் குடை பிடிச்சான். உயிரைக் காப்பாத்தப் போறவரை நாங்க பல்லக்குல வச்சுச் சுமந்துக்கிட்டுப் போனோம். எமில்டா அந்த ஊர்வலத்தைப் பாத்துக்கிட்டு நின்னா. எனக்கு அவ முகத்தைப் பாக்க முடியல.

கூரை கான்கிரீட் பலகை ஒண்ணு சாஞ்சு நின்னுச்சு. அதுக்கு அடியில ஒரு சின்னப் பொந்து. ஆளு இருந்தா அதுக்குள்ளதான் உசுரோட இருக்கணும். சார் விசில் அடிச்சாரு. எங்க வேலையில அதுக்கு ஒரு முறை இருக்கு. நீளமா ஒரு விசில் அடிச்சா மொத்தக் கூட்டமும் வாயை மூடணும், எஞ்சின் எல்லாம் நிக்கணும், மழையைத் தவிர ஒரு சத்தம் இருக்கக் கூடாது. "உள்ள ஆளு இருந்தா தட்டுங்க"ன்னு ஒருத்தன் குரல் கொடுப்பான். பொறவு கேக்குததுதான் வேலை.

மாப்பிள்ளை பொந்துக்குள்ள போனாரு. எல்லாரும் திரையைப் பாத்தாங்க. சேறும் ஈரமும் இருக்கதால சூடு தெரியலன்னா ஷப்னம். கேக்குத கோடு கோலம் போடக் கிழிச்ச கோடு மாதிரி நேரா கிடந்துச்சு. கொஞ்சம்கூட அசையல. கொஞ்ச நேரம் பாத்துட்டு, "ஒண்ணும் இல்லீங்க சார்"னு சொன்னா. குரல் உடைஞ்சிருக்கும்னு நினைக்கேன், உதடு நடுங்குச்சு.

சார் என்னையப் பாத்தாரு. "மாடக்கண்ணு, நீங்களும் ஒரு தடவை."

கடப்பாரையைப் பலகை இடுக்குல ஊன்றினேன். காதை வச்சேன். இந்தக் காது, பொறவு அந்தக் காது. எமில்டா பக்கத்துல வந்து முட்டுக்கால் போட்டு, "அண்ணே, கேக்குதா?"ன்னா. அவ வாயசைப்புல தெரிஞ்சுது. எனக்கு ஒண்ணுமே கேக்கல. அமைதியா இருந்துச்சு. ரொம்ப அமைதியா இருந்துச்சு. அத்தனை மழையிலயும்.

"உள்ள யாரும் இல்லம்மா"ன்னு சொன்னேன். எல்லாருக்கும் கேக்கட்டும்னு சத்தமாவே சொன்னேன். எமில்டா சேத்துலயே உக்காந்துட்டா.

அப்பம் யாரோ என் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்து மல்லாக்கத் தள்ளினான். போஜன். நான் குனிஞ்சிருந்த இடத்துக்கு மேல, எஸ்டேட்ல ஏற்கெனவே இருந்த பொக்லைனோட வாளி வந்து நின்னுச்சு. ஆளு இல்லன்னு ஆனதால மண்ணை அள்ளச் சொல்லி சார் கை காட்டிட்டாரு. எனக்குப் பின்னால பத்தடியில அவ்வளவு பெரிய எஞ்சினை முடுக்கி, ஹாரன் அடிச்சு, ஊரே கத்திக்கிட்டு நிக்குது. எனக்கு ஒரு பொட்டுச் சத்தம் கேக்கல.

சேத்துல மல்லாந்து கிடந்து அந்த வாளியைப் பாத்தேன். பொக்லைன் கேக்காதவனுக்கு, கோழிக்காகப் போன பொம்பளை கல்லால தட்டுதது கேக்குமா? வாளி ஒரு தடவை அந்தப் பலகையை அசைச்சா, உள்ள யாரு இருந்தாலும் அத்தோட முடிஞ்சுது.

எந்திரிச்சு வாளிக்கு முன்னால நின்னேன். "என் பேச்சை எண்ணாதீங்க. எனக்குக் காது கேக்காது"ன்னு சொன்னேன்.

சார் என்னமோ கேட்டாரு. "எனக்குக் காது கேக்காது சார். ரெண்டு வருஷமாக் கேக்கல. ஆளு இல்லன்னு நான் சொன்னது கணக்குல இல்ல"ன்னு கத்தினேன். ஊரே என்னையப் பாத்துச்சு. எஸ்டேட் மேனேஜர், பள்ளிக்கூடத்து வாத்தியார், டிவிக்காரன் ஒருத்தன். சொல்லணும்னு வந்துட்டா முணுமுணுக்கக் கூடாதுன்னு தோணுச்சு. கேக்காதவன் குரல் பெருசுதானே, மலை முட்டக் கத்தினேன்.

சார் ரோபோவைக் காட்டி, அதுவும்தான் இல்லங்குதுன்னாரு. அது கைச் சாடையிலயே விளங்குச்சு. "அதுக்கும் கேக்கல சார். அது காதைப் பாக்கச் சொல்லுங்க"ன்னேன்.

ஷப்னம் மாப்பிள்ளையைப் பொந்துல இருந்து வெளிய இழுத்து, கழுத்தைத் திருப்பி, விரலால தடவிப் பாத்தா. பொறவு என்னையப் பாத்தா. ஆறு ஓட்டையும் சந்தனத்தால அடைச்சு, காஞ்சு, கல்லாக் கிடந்துச்சு. அவ தலைத்துணியில குத்தியிருந்த ஊசியை உருவி, ஒவ்வொரு ஓட்டையா நோண்டி, ஊதி எடுத்தா. போஜன் குடை பிடிச்சான்.

மறுபடி நீளமா விசில். மாப்பிள்ளை மறுபடி உள்ள போனாரு. எனக்குக் கேக்காதுன்னு ஊருக்கே சொல்லியாச்சு, இனி கடப்பாரை எதுக்கு? நானும் எல்லாரோடயும் சேந்து திரையைப் பாத்தேன். கோடு நேரா கிடந்துச்சு. கிடந்துச்சு. பொறவு ஒரு துள்ளல். மூணு துள்ளல். நிறுத்தி, மறுபடி மூணு. கோபக்காரன் கதவைத் தட்டுத மாதிரி கோடு மேலயும் கீழயும் எகிறுச்சு. எமில்டா என் கையைப் பிடிச்சு உலுக்கினா. நான் அழுதுட்டேன். எழுத வெக்கமாத்தான் இருக்கு, ஆனா அழுதேன்.

பொக்லைனை நிறுத்தியாச்சு. கையாலதான் தோண்டினோம். பொந்துக்குள்ள தலைகுப்புறப் போனது நான். அதுக்குக் காது வேண்டாம், இடுப்புல கயிறு கட்டி ஒரு இழுப்புன்னா நில்லு, ரெண்டு இழுப்புன்னா வா. சாயங்காலம் ஜெபமாலையை வெளிய எடுத்தோம். கால் ரெண்டும் போச்சு, இடுப்புக்கு மேல தெம்பா இருந்தா. மடியில கோழி. அது செத்துப்போயிருந்துச்சு. முட்டை ஒண்ணு மட்டும் உடையல.

அக்டோபர் 19, சனி

பேப்பர்ல நாலு பத்தி. "மலைச்சரிவில் உயிர் காத்த ரோபோ." மாப்பிள்ளை போட்டோ, பக்கத்துல சார் போட்டோ. சார் பேட்டி கொடுத்திருக்காரு: "மனிதக் காதுக்கு எல்லை உண்டு, இயந்திரத்துக்கு இல்லை." முந்தாநாள் அந்த இயந்திரத்தோட காதுல அரை உருண்டை சந்தனம் இருந்ததைப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லல. சந்தனம் யாரு வச்சான்னு என்கிட்ட ஒருத்தரும் கேக்கல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.

போஜன்கிட்ட, "உனக்கு முன்னாடியே தெரியுமா?"ன்னு கேட்டேன். முகத்துக்கு நேரா வந்து, "எல்லாருக்கும் தெரியும்ணே"ன்னான்.

அக்டோபர் 22, செவ்வாய்

மெடிக்கல். இடுப்பு வலின்னு சொல்லித் தப்பிக்க முடியல, சாரே வண்டி வச்சுக் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் காதுல ஒரு மிஷினை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டா விரலைத் தூக்குன்னாரு. ரொம்ப நேரம் சும்மா உக்காந்திருந்தேன். எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேட்டேன். முடிஞ்சுபோச்சுன்னு எழுதிக் காட்டினாரு.

மீட்பு அணியில இருந்து எடுத்தாச்சு. ஒண்ணாம் தேதியில இருந்து கன்ட்ரோல் ரூம். அவசரத்துக்கு ஜனங்க போன் பண்ணினா எடுத்துக் கேட்டு எழுதணும். ஆர்டரை ரெண்டு தடவை படிச்சேன். செல்லத்துரை அண்ணன் கேமரா பாப்பாரு, நான் போன் கேப்பேன். கரடிமட்டத்துல இனிமே எவனும் நெருப்பு வச்சுக்கிட்டாலும் பாத்து வச்சுக்கிடணும்.

செல்வக்கனிக்கு போஜனை விட்டு போன்ல சொல்லச் சொன்னேன். அவ பதிலுக்கு என்ன சொன்னான்னு கேட்டேன். "இதுக்குத்தான் ரெண்டு வருஷமா நான் கத்துறதையே நிறுத்திட்டேன்"ன்னாளாம்.

அக்டோபர் 24, வியாழன்

ஜெபமாலையை ஆஸ்பத்திரியில பாக்கக் கூட்டிப்போனாரு சார். பாக்குததுக்கு இல்ல, போட்டோவுக்கு. மாப்பிள்ளையையும் தூக்கிட்டுப் போனோம். கட்டிலுக்கு இந்தப் பக்கம் சார், அந்தப் பக்கம் மாப்பிள்ளை. பூங்கொத்தை ரோபோ கையில பிடிச்சுக் கொடுக்குத மாதிரி எடுக்கணும்னாரு. மாப்பிள்ளைக்குக் கையே கிடையாது. கழுத்துல சொருகினாங்க.

எமில்டா ஓரமா நின்னா. நான் பின்னால நின்னுக்கிட்டு, "எப்படிம்மா இருக்கீங்க?"ன்னு கேட்டேன். ஜெபமாலை சடார்னு திரும்பினா. என்னைய அவ அதுக்கு முன்னால பாத்ததே இல்ல, உள்ள இருட்டுல நான் வெறும் கையும் கயிறும்தான். கிட்ட வரச் சொல்லி மணிக்கட்டைப் பிடிச்சுக்கிட்டா. நல்ல பிடி. ரொம்ப நேரம் பேசினா. சுத்தி டிவிக்காரன், நர்ஸு, சார், ஒரே கூட்டம். அந்தம்மாவுக்கு மேல் உதடு வீங்கியிருந்ததால வாயசைப்பும் பிடிபடல. உயிரைக் காப்பாத்தினவனுக்கு நன்றி சொல்லுதா, அதுல கேக்க என்ன இருக்கு. கேமரா பளிச்சுன்னுச்சு. மனசுக்கு நிறைவா இருந்துச்சு. இந்த ஒரு மாசத்துல இன்னைக்குத்தான் நல்ல நாள்.

அக்டோபர் 25, வெள்ளி

பேப்பர்ல போட்டோ வந்திருக்கு. மாப்பிள்ளை, பூங்கொத்து, சாரோட பாதி முகம். நடுவுல ஜெபமாலை என் கையைப் பிடிச்சிருக்கா, நான் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கேன். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ரெண்டாவது தடவை பாத்தப்ப ஒண்ணு உறுத்துச்சு. அந்தம்மா முகம் நன்றி சொல்லுத முகமா இல்ல. பின்னால நர்ஸு வாயில கையை வச்சு மூடியிருக்கா. எமில்டா தரையைப் பாக்கா.

ஷப்னம் மாப்பிள்ளையைத் துடைச்சுக்கிட்டு இருந்தா, காதோட சேத்து. இப்பம் தினமும் துடைக்கா. பேப்பரைக் கொண்டுபோய் முன்னால வச்சு, "இந்தம்மா என்ன சொன்னுச்சு?"ன்னு கேட்டேன். "விடுங்கண்ணா"ன்னா. விடல. ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முகத்துக்கு நேரா உக்காந்து, மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா சொன்னா.

"இந்தக் குரல்தான்னு சொன்னாங்கண்ணா. பலகைக்கு அடியில இருந்து அவிங்களுக்கு மேல பேசுறது எல்லாம் கேட்டிருக்குது. விசில் கேட்டதும் கல்லால தட்டிட்டே இருந்தாங்களாம். அப்போ தலைக்கு நேரா மேல ஒரு குரல், உள்ள யாரும் இல்லம்மான்னு சொல்லிருக்குது. அவிங்க மககிட்ட. அதைக் கேட்டதும் கல்லைக் கீழ போட்டுட்டாங்களாம்."

நான் பேப்பரை மடிச்சேன். அவ மேல சொன்னா.

"அப்புறம் அதே குரல் எனக்குக் காது கேக்காதுன்னு கத்துச்சாமா. ஒரு செவிடனையா கேக்குறதுக்கு அனுப்புனாங்கன்னு அவிங்களுக்கு வந்ததாமா பாருங்க ஆத்திரம். கையில கல்லை எடுத்து, உங்களத் திட்டிட்டே, விடாமத் தட்டுனாங்களாமா. அந்தக் கோவம் இல்லைன்னா தூங்கியிருப்பேன்னு சொன்னாங்க."

அந்தக் கோடு எகிறுனது ஞாபகத்துக்கு வந்துச்சு. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அந்தம்மாவுக்கு என் மேல கோபம் இருக்குதது நியாயம். நான் அழுத்தி வச்ச சந்தனத்தைப் பத்தி அவளுக்குத் தெரிஞ்சா இன்னும் நியாயம்.

"அவ்வளவுதானா?"ன்னு கேட்டேன்.

ஷப்னம் குனிஞ்சு மறுபடி துடைக்க ஆரம்பிச்சா. தாடையைத் தொட்டு நிமித்தினேன், வாய் தெரியணும்லா.

"கடைசியா உங்க கையைப் பிடிச்சுட்டு, 'இப்ப நான் சொல்றதாவது கேக்குதாய்யா?'ன்னு கேட்டாங்கண்ணா."

"நான் என்ன சொன்னேன்?"

"நல்லாத் தலையாட்டுனீங்கண்ணா. சிரிச்சுட்டே."